மலைக்கு மலை ஒரே செக்கன்

"நாலு கோடும் நிக்குது, ஆனா கோல் போகல்ல." பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. லயத்துக்குள் ஒற்றைக் கோடுதான் காட்டும், ஆனாலும் அங்கே நின்று பேசினால் பேச்சு அறுவதில்லை. சிக்னல் தேடி உச்சிப் பாறைக்கு ஏறினால் கோடு நிரம்பிவிடும். அழைப்போ இணையாது. இணையமும் சுற்றிக்கொண்டே நிற்கும்.

உயரம் ஏறினால் சிக்னல் கூடும் என்பது மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2020, 2021 கோவிட் முடக்க காலத்தில் பாறையிலும் மரத்திலும் ஏறி இணைய வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் அதை நம்பித்தான் ஏறினார்கள். பல வேளைகளில் அது சரியாகவே இருந்தது. சில இடங்களில் மட்டும் ஏன் பொய்த்துப் போகிறது?

காரணங்கள் பல. டவரில் ஒரே நேரத்தில் கூட்டம் கூடியிருக்கலாம். டவரைக் கொழும்போடு இணைக்கும் தொடுப்பு குறுகலாக இருக்கலாம். இவற்றை எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் நேரம். போனின் கோடுகள் அலை எவ்வளவு வலிமையாக வருகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அது வரவேண்டிய கணத்தில் வந்ததா என்பதைச் சொல்வதில்லை. ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி, வெவ்வேறு மலைகளில் நிற்கும் டவர்கள் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதை ஒத்திசைவு என்போம். அது எப்படி நடக்கிறது, சப்ரகமுவ மலைகளில் அது ஏன் கூடுதல் சிரமம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

துடிப்பு மட்டும் போதுமாக இருந்த காலம்

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் செல்டெல் நிறுவனத்தோடு வந்தது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. அந்த முறையில் பேசும் ஒவ்வொருவருக்கும் தனி மீடிறன் ஒதுக்கப்பட்டது. மீடிறன் என்பது அலை ஒரு செக்கனில் எத்தனை தரம் துடிக்கிறது என்ற எண்ணிக்கை. டவரும் போனும் ஒரே வேகத்தில் துடித்தால் பேச்சு நடக்கும். மணி என்ன என்று டவருக்குத் தெரியவேண்டிய தேவையே இல்லை.

அந்தத் துடிப்பைத் தருவது ஒரு பளிங்குத் துண்டு. சில வகைப் பளிங்கை அழுத்தினால் அதில் மின்சாரம் தோன்றும் என்று பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே பளிங்கு அதிரும். வெட்டிய அளவுக்கு ஏற்ற ஒரே வேகத்தில், சலிக்காமல் அதிரும். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் இல்லம் எனும் மாணிக்கச் சரளையைக் கழுவும்போது விலையில்லாத கல் என்று ஒதுக்கி எறிவதில் நிறைய இந்தப் பளிங்குதான். போனுக்கும் டவருக்கும் போகிற பளிங்கை மட்டும் தொழிற்சாலையில் வளர்த்தெடுக்கிறார்கள்.

பளிங்குக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு மாறினால் அதன் துடிப்பும் சற்று மாறும். விடியலில் பனிமூட்டமும் மதியத்தில் கொளுத்தும் வெயிலுமாக இருக்கும் மலையில் இது பெரிய தொல்லை. ஆகவே டவரில் உள்ள பளிங்கைச் சிறியதொரு சூட்டறைக்குள் அடைத்து, வெளியே மழையோ வெயிலோ, எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்கிறார்கள்.

பின்னால் வந்த 2ஜியில், டவரின் துடிப்பு 100 கோடியில் 50 பங்குக்கு மேல் பிழைக்கக் கூடாது என்பது விதி. பெரிய 4ஜி டவர்களுக்கும் அதே அளவுதான். இது எவ்வளவு சிறியது என்று பார்க்க, இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பஸ்ஸில் இருப்பவருக்கு, ஓட்டத்தினாலேயே டவரின் மீடிறன் 100 கோடியில் ஏறத்தாழ 55 பங்கு மாறித் தெரியும். டவருக்கு அனுமதிக்கப்பட்ட பிழை அந்த பஸ்ஸின் ஓட்டம் உண்டாக்கும் பிழையைவிடச் சற்றுக் குறைவு.

போனுக்குள் இருப்பது மலிவான பளிங்கு. அது டவரைக் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பெல்மதுளை டவரைக் கேட்டுப் பழகிய துடிப்போடுதான் அது ஓப்பநாயக்கவில் அடுத்த டவரைத் தேடும். இரண்டு டவர்களும் வெவ்வேறு வேகத்தில் துடித்தால் போன் தடுமாறும், பேச்சு அறும். பஸ்ஸில் பேசிக்கொண்டே போக முடிகிறது என்றால், வழியில் உள்ள டவர்கள் எல்லாம் ஒரே துடிப்பில் இருக்கின்றன என்று பொருள்.

எட்டுப் பேருக்கு ஒரு பாதை

1995இல் டயலொக் நிறுவனத்தின் எண்ணிம வலையமைப்போடு நேரக் கணக்கு தொடங்குகிறது. 2ஜி என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். இதில் ஒரே மீடிறனை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 577 மைக்ரோசெக்கன். பிறகு அடுத்தவர் முறை. ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோசெக்கன். அதற்குள் ஒளியும் வானொலி அலையும் ஓடும் தூரம் 300 மீட்டர்.

எட்டுப் பேரும் டவரிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் ஒருவர் டவருக்குக் கீழே இருப்பார், இன்னொருவர் மூன்று மலை தாண்டி இருப்பார்.

தோட்டத்து ஸ்டோரில் ஊதும் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ மூன்று செக்கன் எடுக்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள மேல் டிவிசனில் சங்குச் சத்தம் ஆறு செக்கன் பிந்தித்தான் கேட்கும். அதைக் கேட்டதும் அங்கிருந்து ஒருவர் பதிலுக்கு ஊதினால், அந்தச் சத்தம் ஸ்டோருக்கு வந்துசேர இன்னும் ஆறு செக்கன். மொத்தம் பன்னிரண்டு. பதில் சரியான கணத்தில் ஸ்டோரில் கேட்க வேண்டுமானால், மேல் டிவிசன்காரர் பன்னிரண்டு செக்கன் முந்தி ஊத வேண்டும்.

டவர் செய்வதும் இதைத்தான். ஒவ்வொரு போனின் அலையும் எவ்வளவு பிந்தி வருகிறது என்று அளந்து, "நீ இவ்வளவு முந்தித் தொடங்கு" என்று கட்டளை அனுப்புகிறது. இதை முந்தல் அளவு என்று வைத்துக்கொள்வோம். 2ஜியில் இந்த அளவு பூச்சியத்திலிருந்து 63 வரை போகும். ஒரு படிக்கு ஏறத்தாழ 550 மீட்டர். எல்லாம் சேர்த்தால் 35 கிலோமீட்டர்.

பாறைப் புதிரில் பாதி இங்கேயே அவிழ்கிறது. உச்சியில் நிற்பவருக்கும் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு டவருக்கும் இடையே மலையோ மரமோ எதுவும் குறுக்கே இல்லாமல் இருக்கலாம். அலை தெளிவாக வரும், கோடு கூடும். ஆனால் 2ஜியின் வழக்கமான அமைப்பில் 63ஆம் படிக்கு மேல் முந்தும்படி சொல்ல வழியில்லை. போன் பேசுவது அடுத்தவர் முறைக்குள் விழும், ஆகவே டவர் அதை ஏற்காது. லயத்தில் ஒற்றைக் கோட்டோடு பேச்சு நடந்தது, அது பக்கத்து டவரின் கோடு என்பதால்.

நேரமே முகவரியான டவர்கள்

2005ஐ ஒட்டித் தோட்டத்து வீடுகளுக்கு ஒரு புதுப் போன் வந்தது நினைவிருக்கும். மேசைத் தொலைபேசியின் உருவம், பின்னால் ஒரு குட்டி அன்ரனா, சுவர்வரை இழுத்த கம்பி இல்லை. சி.டி.எம்.ஏ. போன் என்றார்கள். ஸ்ரீலங்கா டெலிகொம், லங்கா பெல் போன்ற நிறுவனங்கள் கொடுத்தன. தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ப் பேசிய குடும்பங்கள் பல, வீட்டுக்குள்ளிருந்தே பேசத் தொடங்கின.

அந்த முறையில் எல்லா டவர்களும் ஒரே மீடிறனில் ஒரே குறியீட்டை ஓயாமல் அனுப்பும். அப்படியானால் இது எந்த டவர் என்று போன் எப்படி அறியும்? ஒவ்வொரு டவரும் அந்தக் குறியீட்டைத் தொடங்கும் கணம் வேறு. ஒரு படி என்பது 52 மைக்ரோசெக்கன். மொத்தம் 512 படிகள். எந்தப் படியில் தொடங்குகிறதோ அதுதான் அந்த டவரின் அடையாளம்.

ஒரு டவரின் கடிகாரம் 52 மைக்ரோசெக்கன் பிந்திவிட்டால் அது வேறொரு டவராகத் தெரியும். கடிகாரம் சரியாகவே இருந்தாலும் 15.6 கிலோமீட்டர் தள்ளியிருந்து வரும் அலை இயல்பாகவே 52 மைக்ரோசெக்கன் பிந்தும். சமதரையில் அவ்வளவு தூரத்து அலை மெலிந்துபோகும். மலை முகட்டில் அது தெளிவாக வந்துசேரும். ஆகவே பொறியியலாளர்கள் அடுத்தடுத்த படிகளைத் தவிர்த்து, இடைவெளி விட்டுத்தான் டவர்களுக்கு அடையாளம் கொடுத்தார்கள். இந்த வலையமைப்புகள் செய்மதியிலிருந்து நேரம் வாங்காமல் இயங்கவே முடியாதவை. அந்தப் போன்கள் இன்று அநேகமாக மறைந்துவிட்டன. அவற்றுக்குத் தேவைப்பட்ட நேரக் கறார் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு நிமிடக் கணக்கு

இன்று பல வீடுகளில் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. டயலொக்கின் வீட்டு இணைப்புக்குப் பயன்படும் 2300 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் அனுப்பவும் வாங்கவும் தனித்தனிப் பாதைகள் இல்லை. ஒரே பாதையில் டவர் சிறிது நேரம் பேசும், பிறகு வாய்மூடி ரவுட்டர்கள் பேசுவதைக் கேட்கும். ஒரு செக்கனுக்குள் இந்த மாற்றம் நூறு, இருநூறு தரம் நடக்கும். பேச்சுக்கும் கேட்புக்கும் நடுவே ஒரு மௌன இடைவெளி உண்டு. பரவலாகப் பயன்படும் ஓர் அமைப்பில் அது 143 மைக்ரோசெக்கன்.

இரண்டு டவர்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஒன்று பலாங்கொடைப் பக்கத்து மலையில். இன்னொன்று இறக்குவானைப் பக்கத்து மலையில். இரண்டு ஊர்களும் நேர்கோட்டில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். நம் டவர்களுக்கு இடையே 21 கிலோமீட்டர், நடுவே பள்ளத்தாக்கு, ஒன்றையொன்று நேரே பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பலாங்கொடை டவரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு லயம், அதில் ஒரு ரவுட்டர்.

முதலில் வலிமை. ரவுட்டர் அனுப்புவது 0.2 வாற்று. டவர் அனுப்புவது 40 வாற்று என்று கொள்வோம், அதாவது 200 மடங்கு. தூரம் இரட்டித்தால் அலை நான்கில் ஒன்றாக மெலியும். இறக்குவானை டவர் ரவுட்டரைவிடப் பத்தரை மடங்கு தூரத்தில் இருப்பதால் அதன் அலை ஏறத்தாழ 110 மடங்கு மெலிகிறது. இருநூறை நூற்றுப்பத்தால் வகுத்தால் 1.8. இருபத்தொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவரின் அலை, பக்கத்து லயத்து ரவுட்டரின் அலையைவிட ஏறக்குறைய இரு மடங்கு வலிமையோடு பலாங்கொடை டவருக்கு வந்துசேர்கிறது. ரவுட்டர் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது, டவரின் அன்ரனாவோ அலையைக் குவித்து அனுப்புகிறது. இவற்றையும் சேர்த்தால் உண்மையான வித்தியாசம் இன்னும் பல மடங்கு.

எனவே பலாங்கொடை டவர் கேட்கும் வேளையில் இறக்குவானை டவர் பேசவே கூடாது. இரண்டும் ஒரே கணத்தில் பேச்சை நிறுத்துகின்றன என்று வையுங்கள். இறக்குவானையின் கடைசி அலை 21 கிலோமீட்டர் கடந்து வர 70 மைக்ரோசெக்கன். மௌன இடைவெளி 143. இன்னும் 73 மிச்சம். குழப்பமில்லை.

இப்போது இறக்குவானை டவரின் கடிகாரம் யாரும் திருத்தாமல் தன்பாட்டில் ஓடட்டும். அதன் பிழை நாம் முன்பு கண்ட எல்லையிலேயே இருக்கட்டும்: 100 கோடியில் 50. இது மோசமான கடிகாரம் அல்ல. வருடம் முழுக்க ஓடினாலும் ஒன்றரைச் செக்கன் அளவுதான் பிழைக்கும். நம் கைக்கடிகாரம் ஒரு மாதத்திலேயே அதைவிட அதிகம் பிழைக்கும். ஆனால் செக்கனுக்கு 0.05 மைக்ரோசெக்கன் வீதம் பிந்தினால் ஒரு நிமிடத்தில் 3 மைக்ரோசெக்கன். இவ்வகை 4ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்களுக்கு இடையே அனுமதிக்கப்பட்ட வித்தியாசமும் வழக்கமாக 3 மைக்ரோசெக்கன்தான். 2ஜி ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொண்ட கடிகாரம் இங்கே ஒரே நிமிடத்தில் விதியை மீறிவிடுகிறது.

மேலும் ஓடவிடுவோம். மிச்சமிருந்த 73 மைக்ரோசெக்கனும் கரைய 1,460 செக்கன், அதாவது 24 நிமிடம். அதன் பிறகு இறக்குவானையின் பேச்சு பலாங்கொடையின் கேட்பு நேரத்துக்குள் நுழையும். லயத்து ரவுட்டரில் கோடு நிரம்பியே இருக்கும், ஏனென்றால் பலாங்கொடை டவர் சொல்வது அதற்கு நன்றாகக் கேட்கிறது. அது சொல்வதுதான் டவருக்குக் கேட்காது.

இந்தக் கணக்கில் மலைக்குள்ள பங்கைக் கவனியுங்கள். சமதரையில் 21 கிலோமீட்டர் தள்ளியுள்ள டவரை வீடுகளும் மரங்களும் பூமியின் வளைவும் மறைத்துவிடும். மலையில் டவரை முகட்டில் வைத்தால் ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் அலை போகும். அதே உயரம் அதைத் தூரத்து டவர்களோடும் மோதவிடுகிறது. உயரத்தால் கிடைக்கும் இலாபத்துக்குக் கடிகாரத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

வானத்திலிருந்து வரும் நேரம்

அந்தக் கடிகாரத்தைத் திருத்துவது யார்? பெரும்பாலும் ஜி.பி.எஸ். செய்மதிகள். டவர் அறைகளின் கூரையிலோ கோபுரத்திலோ உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு வெள்ளைக் குமிழ் தெரியும். அது செய்மதி நேரத்தை வாங்கும் அன்ரனா. ஒவ்வொரு செய்மதியிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

போனில் இடம் காட்டக் குறைந்தது நான்கு செய்மதிகள் தேவை. மூன்று இடத்துக்கு, ஒன்று நேரத்துக்கு என்று கொள்ளலாம். டவர் நகராது. அதன் இடத்தை ஒருமுறை துல்லியமாக அறிந்துவிட்டால் பிறகு ஒரு செய்மதி தெரிந்தால்கூட நேரம் எடுக்கலாம். செங்குத்து மலைச்சரிவுக்குக் கீழே, பாதி வானம் மட்டும் தெரியும் டவர்களுக்கு இது பெரிய உதவி. அன்ரனாவிலிருந்து கருவிவரை வரும் கம்பிகூடக் கணக்கில் சேரும். ஒவ்வொரு மீட்டரும் ஏறத்தாழ ஒரு மைக்ரோசெக்கனின் இருநூறில் ஒரு பங்கைத் தின்னும். கம்பியின் நீளத்தை அளந்து கருவியில் பதிய வேண்டும்.

சப்ரகமுவவில் இன்னொரு எதிரி இடி. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை வேளைகளில் இடிமின்னல் இந்த மலையடிவாரத்தில் கடுமை. உச்சியில் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் அன்ரனாவும் அதன் கம்பியும் மின்னல் பாய்ச்சலுக்கு எளிதான வழி. தடுப்புக் கருவி பொருத்தினாலும் சில வேளை பழுதாகும்.

செய்மதியும் பிழைக்கும். 2016 ஜனவரி 26இல் ஒரு பழைய ஜி.பி.எஸ். செய்மதியை ஓய்வுபெற வைத்தபோது தவறான தரவு ஒன்று மற்றச் செய்மதிகளுக்கு ஏறிவிட்டது. உலக நேரத்தில் 13 மைக்ரோசெக்கன் பிழை. இடம் காட்டுவதில் எந்தக் கோளாறும் இல்லாததால் வழி தேடியவர்கள் எதையும் உணரவில்லை. பல நாடுகளின் தொலைத்தொடர்புக் கருவிகளில் மணிக்கணக்கில் எச்சரிக்கைகள் ஒலித்தன, பி.பி.சி.யின் எண்ணிம வானொலியும் பாதிக்கப்பட்டது.

கொழும்பிலிருந்து வரும் நேரம்

வானத்தை மட்டும் நம்பாமல் கம்பி வழியாகவும் நேரம் அனுப்பலாம். கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்கு வீதியில் சுமார் 100 கிலோமீட்டர். அதே நீளத்துக்கு ஒளியிழை போட்டால், கண்ணாடிக்குள் ஒளி மெதுவாக ஓடுவதால் 500 மைக்ரோசெக்கன் ஆகும். நமக்கு வேண்டியதோ மூன்றுக்குள் துல்லியம். எவ்வளவு தாமதம் என்று எப்படி அறிவது?

ஸ்டோர் சங்கின் கணக்கேதான், போய்வரும் நேரத்தை அளப்பது. கொழும்புக் கடிகாரம் பூச்சியத்தில் ஒரு செய்தி அனுப்புகிறது. டவரின் கடிகாரத்தில் அது 480இல் வந்ததாகப் பதிகிறது. டவர் தன் கடிகாரத்தில் 1,000 காட்டும்போது பதில் அனுப்புகிறது. கொழும்பில் அது 1,520இல் கிடைக்கிறது. போக 480, வர 520. ஒரே பாதைக்கு இரண்டு அளவு வரக் காரணம் டவரின் கடிகாரம் பிந்தியிருப்பதுதான். வித்தியாசத்தில் பாதி, அதாவது 20 மைக்ரோசெக்கன், பிந்தியிருக்கிறது. டவர் அதைக் கூட்டிக்கொள்ளும். இந்த முறை 2002இல் உலகத் தரமாக வகுக்கப்பட்டு, 2008இல் மேம்படுத்தப்பட்டது.

போகும் பாதையும் வரும் பாதையும் ஒரே அளவு நேரம் எடுக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. ஒரு பக்கம் 10 மைக்ரோசெக்கன் கூடினால் நேரம் 5 மைக்ரோசெக்கன் பிழைக்கும், அதைக் கண்டுபிடிக்க டவருக்கு வழியில்லை. மண்சரிவில் ஒளியிழை அறுந்து, போக்கும் வரவும் வெவ்வேறு மாற்றுப்பாதைகளில் திரும்பினால் இப்படி நடக்கலாம். ஆகவே முக்கியமான இடங்களில் வானம், கம்பி இரண்டையும் வைத்து ஒன்றை மற்றதால் சரிபார்க்கிறார்கள்.

எதுவும் வராதபோது

2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது. கேகாலை, இரத்தினபுரி இரண்டு மாவட்டங்களிலும் ஒவ்வொரு மழைக்காலமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையோடுதான் கழிகிறது. அப்படியான இரவில் கரண்ட் போகும், ஒளியிழை அறும், அன்ரனா பழுதாகும். டவர் பற்றரியில் ஓடும். நேரம் சொல்ல எவரும் இல்லை.

அப்போது டவர் தன் சூட்டறைப் பளிங்கை மட்டும் நம்பி நேரத்தைக் காக்க வேண்டும். நல்ல பளிங்கு முன்பு கணக்கிட்ட எல்லையைவிட மிகக் குறைவாகவே பிழைப்பதால் சில மணித்தியாலம் தாங்கும். விலை கூடிய ருபீடியம் அணுக் கடிகாரம் இன்னும் நீண்ட நேரம் தாங்கும். எல்லை தாண்டியதும் மாறிமாறிப் பேசும் 4ஜி கருவிகள் பொதுவாகத் தாமாகவே அலையை நிறுத்திவிடும், ஏனென்றால் தவறான நேரத்தில் பேசினால் சுற்றியுள்ள டவர்களையும் கெடுக்கும். பற்றரியும் தீர்ந்துவிட்டால், கரண்ட் வந்த உடனேயும் சேவை வராது. பளிங்கு மறுபடி சூடேற வேண்டும், செய்மதியைப் பிடிக்க வேண்டும், நேரம் நிலைப்பட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நீண்டபோது, கரண்ட் வந்த பிறகும் டவர் பிந்தி எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2ஜிக்கும், அனுப்பவும் வாங்கவும் தனித்தனிப் பாதை வைத்த 4ஜிக்கும் இந்தக் கெடுபிடி இல்லை. அவற்றுக்குத் துடிப்பு சரியாக இருந்தால் போதும், பக்கத்து டவரோடு கணம் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. ஆகவே நேரம் இழந்த டவரில் முதலில் அடங்குவது வீட்டு ரவுட்டர். சாதாரணக் குரல் அழைப்பு பற்றரி உள்ளவரை நிற்கக்கூடும். அடைமழை இரவில் ரவுட்டரில் இணையம் நின்றால் டவரே விழுந்துவிட்டது என்று போனைக் கீழே வைத்துவிட வேண்டாம். ஒரு அழைப்பு எடுத்துப் பார்க்கலாம். கிடைத்தால் எச்சரிக்கை கேட்கவும், மேல் டிவிசனுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் அது போதும்.